கீரையும் கூரையும்

(பழைய மாணவர் சங்க ஆண்டுக் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் என்னைக் கூப்பிட்டு, "உன் துறையைப் பத்தி இருபது நிமிஷம் பேசு, ஆனா எல்லாருக்கும் புரியணும்" என்றார். நான் இந்தக் கல்லூரியில் இயற்பியல் படித்துவிட்டு, செவித்திறன் சோதிக்கும் வேலைக்குப் போனவன். ஆடியாலஜிஸ்ட் என்பது பெயர்ப்பலகையில் இருக்கும் பெயர். எங்கள் தெருவில் "காது மிஷின்காரர்" என்று சொன்னால்தான் வீட்டைக் காட்டுவார்கள்.

இன்று நான் எடுத்துக்கொண்டது ரொம்பச் சின்ன விஷயம். யாரோ "ஆ" என்கிறார்கள், யாரோ "ஈ" என்கிறார்கள். இரண்டும் வேறு என்று நம் காதுக்கு எப்படித் தெரிகிறது? ஒன்றாம் வகுப்புக் கேள்வி மாதிரி இருக்கிறது. ஆனால் உலகத்தில் நல்ல மூளைகள் இருநூறு வருஷத்துக்கு மேலாக இதில் மண்டையைப் போட்டு உடைத்திருக்கின்றன.

நம் இயற்பியல் ஆய்வகத்தில் ஒத்ததிர்வுக் காற்றுத் தம்பம் ஞாபகம் இருக்கிறதா? தண்ணீரில் நிற்கும் குழாய், மேலே இசைக்கவை. குழாயை மெல்ல உயர்த்திக்கொண்டே போனால் ஓரிடத்தில் திடீரென்று சத்தம் "உம்" என்று பெருகும். நாம் அளவு எடுத்து, ஒலியின் வேகம் சரியாக வரவில்லை என்றால் ரெக்கார்டு நோட்டில் "சரி" செய்துகொள்வோம். (ஆசிரியர்கள் மன்னிக்க வேண்டும், அது அன்றைக்கே உங்களுக்குத் தெரியும்.) அந்தக் குழாய் நம் எல்லோர் தொண்டையிலும் இருக்கிறது. குரல்நாணிலிருந்து உதடு வரை, வளர்ந்த ஆணுக்கு ஏறக்குறைய 17 சென்டிமீட்டர். ஒரு முனை மூடியது, ஒரு முனை திறந்தது. கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒலியின் வேகம் 340 மீட்டர். அதைக் குழாய் நீளத்தின் நான்கு மடங்கால் வகுத்தால் 500 ஹெர்ட்ஸ். அடுத்தது 1500, அதற்கடுத்தது 2500. நாக்கை எங்கும் தூக்காமல், உதட்டைக் குவிக்காமல், சும்மா வாயைத் திறந்து ஒலி எழுப்பினால் இந்த மூன்று இடத்திலும்தான் சத்தம் பெருகும்.

குரல்நாண் செய்வது ஒரு ரீங்காரம் மட்டும். ஆணுக்கு நொடிக்கு 120, 130 அதிர்வு, பெண்ணுக்கு 220 பக்கம், குழந்தைக்கு அதற்கும் மேலே. அந்த ரீங்காரத்துக்குள் அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நாற்பது மடங்கு என்று மேற்சுரங்கள் அடுக்கடுக்காக இருக்கும். நாக்கும் உதடும் தாடையும் குழாயின் வடிவத்தை மாற்ற மாற்ற, எந்த மேற்சுரம் பெருகும், எது அமுங்கும் என்பது மாறுகிறது. அப்படிப் பெருகும் இடத்துக்கு ஃபார்மன்ட் என்று பெயர். 1890-களில் லுடிமார் ஹெர்மன் என்ற ஜெர்மானியர் வைத்தது. நான் முகடு என்றே சொல்கிறேன்.

அமெரிக்காவில் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த பீட்டர்சன், பார்னி இருவரும் 1952-ல் வெளியிட்ட அளவுகளைச் சொல்கிறேன். ஆண் குரலில் "ஆ"வுக்கு முதல் முகடு 730 ஹெர்ட்ஸ், இரண்டாவது 1090. "ஈ"க்கு முதலாவது 270, இரண்டாவது 2290. "ஊ"வுக்கு முதலாவது 300, இரண்டாவது 870. அது அமெரிக்க ஆங்கிலம். தமிழில் எண்கள் கொஞ்சம் முன்பின் இருக்கும், ஆனால் கோலம் இதேதான். வாய் அகலத் திறந்தால் முதல் முகடு ஏறும். நாக்கு முன்னால் போனால் இரண்டாம் முகடு ஏறும். உதட்டைக் குவித்தால் எல்லாமே இறங்கும்.

இதற்குக் கருவி வேண்டாம். இப்போதே எல்லோரும் கிசுகிசுப்பாக, குரல் இல்லாமல், "ஈ, ஏ, ஆ, ஓ, ஊ" சொல்லிப் பாருங்கள். வெட்கப்படாதீங்க, பக்கத்தில் இருப்பவரும் அதைத்தான் செய்கிறார். கேட்கிறதா? ஒரு விசில் மேலேயிருந்து கீழே இறங்குகிற மாதிரி இருக்கும். அது இரண்டாம் முகடு இறங்குவது. இதில் குரல்நாண் வேலையே செய்யவில்லை, சுருதி என்று ஒன்று கிடையாது. ஆனாலும் உயிர் எழுத்து ஒவ்வொன்றும் தெளிவாகப் புரிந்தது. ஆக, உயிரெழுத்தின் அடையாளம் சுருதியில் இல்லை, முகடுகளில் இருக்கிறது.

மேல் ஸ்தாயியில் பெண்கள் பாடும்போது சாகித்யம் புரியவில்லை என்று குறை சொல்கிறோமே, அதற்கும் பாதிக் காரணம் இங்கேதான். அடிச்சுருதியே 600 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிட்டால் 300-ல் இருக்கவேண்டிய "ஈ"யின் முதல் முகட்டில் பெருக்குவதற்கு எந்தச் சுரமும் இருக்காது. பாடகியைத் திட்டிப் பயனில்லை.

இப்போது அந்த எண்களை மறுபடி பாருங்கள். "ஈ"க்கு முதல் முகடு 270. "ஊ"வுக்கு 300. கிட்டத்தட்ட ஒன்றே. வித்தியாசம் முழுக்க இரண்டாம் முகட்டில்தான் இருக்கிறது: ஒன்று 2290, மற்றது 870. அப்படியானால் ஒருவருக்கு 1000 ஹெர்ட்ஸுக்கு மேலே காது கேட்காது என்று வையுங்கள். அவருக்கு "ஈ" எப்படிக் கேட்கும்? "ஊ" மாதிரிதான் கேட்கும். என் தொழிலில் நான் பார்த்ததிலேயே மனசை உலுக்கிய விஷயம் இதில் அடங்கியிருக்கிறது.

சில வருடங்களுக்கு முன் நாலரை வயதுப் பையன் ஒருவனைக் கூட்டிவந்தார்கள். கிராமத்துக் குடும்பம். பெயர் வேண்டாம். பையன் துறுதுறு என்று இருந்தான். கதவைத் தட்டினால் திரும்பினான், பேர் சொல்லிக் கூப்பிட்டால் வந்தான், கோயில் மேளத்துக்கு ஆடுவானாம். பேச்சு மட்டும் குழறல். ஏற்கெனவே ஒரு மருத்துவரிடம் காட்டியிருக்கிறார்கள். "ஆம்பளைப் பிள்ளைங்க லேட்டாத்தான் பேசும், காது நல்லாத்தான் இருக்கு" என்று கைதட்டிப் பார்த்து அனுப்பிவிட்டார். இரண்டு வருஷம் அதில் போய்விட்டது.

பாட்டிதான் உடன் வந்திருந்தார். அவர் சொன்னது: "காது கேக்குதுங்க சார், கேக்காம இல்ல. ஆனா குசும்பு பண்றான். அடுப்படியில இருந்துக்கிட்டு அந்தக் கீரையை எடுத்தாடான்னா, அண்ணாந்து கூரையைப் பாக்குறான். எதுக்க நின்னு சொன்னா ஒழுங்கா எடுத்தாறான்."

என்னிடம் வந்த எந்த மருத்துவ அறிக்கையையும் விட இது துல்லியமான அறிக்கை. எதிரே நின்றால் உதடு தெரிகிறது. "கீ" என்றால் உதடு விரிகிறது, "கூ" என்றால் குவிகிறது. கண்ணால் படித்துக்கொள்கிறான். முகம் தெரியாதபோது அவனுக்கு இரண்டும் ஒரே சொல். கருவியில் உட்காரவைத்துப் பார்த்தேன். 250, 500 ஹெர்ட்ஸில் ஏறக்குறைய நம்மைப் போலக் கேட்கிறது. 1000-லிருந்து கோடு மலைச்சரிவு மாதிரி இறங்கிவிட்டது. பாட்டி குரலில் "ஈ"யின் இரண்டாம் முகடு ஆண் குரலைவிட இன்னும் மேலே, 2800 பக்கம் இருக்கும். அது அவனுக்கு வந்து சேரவே இல்லை. மேளமும், கதவும், கைதட்டலும், "ஆ"வும் வந்து சேர்ந்தன. அதனால் எல்லோரும் காது கேட்கிறது என்று நம்பினார்கள். கைதட்டிப் பார்ப்பது காதுச் சோதனை ஆகாது.

டேனியல் லிங் என்பவர் இதற்காகவே ஆறு ஒலிச் சோதனை ஒன்றை வகுத்தார். ஆ, ஈ, ஊ, ம், ஷ், ஸ். வாயை மறைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொல்லவேண்டும், குழந்தை திருப்பிச் சொல்லவேண்டும். "ம்"மும் "ஊ"வும் கீழ் அதிர்வெண், "ஆ" நடு, "ஈ"யில் இரண்டாம் முகடு மேலே, "ஷ்" அதைவிட, "ஸ்" உச்சாணியில். எந்த ஒலியில் தவறுகிறது என்று பார்த்தாலே எந்தப் பகுதியில் ஓட்டை என்று தெரிந்துவிடும். செலவு ஒரு காசு கிடையாது. ஆசிரியைகளும் தாய்மாரும் செய்யலாம். ஒன்று கவனம்: காகிதத்தால் வாயை மூடாதீர்கள், ஒலியே மாறிவிடும். குழந்தைக்குப் பின்னால் நில்லுங்கள், போதும். இது முழுச் சோதனைக்கு மாற்று இல்லை. சந்தேகம் வந்தால் உடனே ஓடவேண்டும் என்பதற்கான மணி.

அந்தப் பையனுக்குச் செவிக்கருவி பொருத்தினோம். மேல் அதிர்வெண்களை மட்டும் தூக்கிக் கொடுக்கிற மாதிரி அமைத்தோம். முதல் வாரம் பிடுங்கிப் பிடுங்கி எறிந்தான். ஐந்தாறு மாதப் பயிற்சிக்குப் பிறகு முதுகுக்குப் பின்னாலிருந்து சொன்னாலும் கீரை கீரையாகவும் கூரை கூரையாகவும் பிரிந்துவிட்டது. "ஸ்" இன்னும் தகராறுதான். போன அந்த இரண்டு வருஷத்தை யாரும் திருப்பித் தர முடியாது. பேச்சு வேர் பிடிக்கிற வருஷங்கள் அவை.

இன்னொரு புதிர் உண்டு. குழாய் நீளம் எல்லோருக்கும் ஒன்றில்லையே. பெண்ணுக்குக் குறைவு, குழந்தைக்கு இன்னும் குறைவு. அதே பீட்டர்சன், பார்னி 33 ஆண்கள், 28 பெண்கள், 15 குழந்தைகள், ஆக 76 பேரைப் பேசவைத்து அளந்தார்கள். "ஆ"வின் முதல் முகடு ஆணுக்கு 730, பெண்ணுக்கு 850, குழந்தைக்கு 1030. வரைபடத்தில் புள்ளி வைத்தால் ஒருவருடைய ஒரு உயிரொலி இன்னொருவருடைய வேறு உயிரொலியின் மேல் போய் உட்காருகிறது. எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு பிரிக்கவே முடியாத இடங்கள். ஆனால் கேட்டவர்கள் பெரும்பாலும் சரியாகவே சொன்னார்கள். எப்படி?

1957-ல் லேடிஃபோகட், பிராட்பென்ட் இருவரும் ஒரு வேடிக்கை செய்தார்கள். இயந்திரத்தில் ஒரே சொல்லை உருவாக்கி, அதற்கு முன்னால் வரும் வாக்கியத்தின் முகடுகளை மட்டும் மாற்றி மாற்றிக் கேட்கவைத்தார்கள். ஒரு வாக்கியத்துக்குப் பின் "பிட்" என்று கேட்ட அதே சொல், இன்னொரு வாக்கியத்துக்குப் பின் "பெட்" என்று கேட்டது! சொல்லில் ஓர் அணு மாறவில்லை. பேசுகிறவர் பேச ஆரம்பித்ததுமே நம் காது "இந்த ஆளுடைய குழாய் இவ்வளவு" என்று அளவு எடுத்துக்கொள்கிறது. துணிக்கடையில் முழம் போடுகிறவர் கை நீளத்தைப் பார்த்துக்கொள்வது போல. பேரன் பேசினாலும் தாத்தா பேசினாலும் "அம்மா" "அம்மா"வாகவே கேட்பதற்கு இதுதான் வழி. 1995-ல் ஹில்லன்பிராண்டும் அவர் குழுவினரும் மறுபடி அளந்தபோது, முகடு மட்டும் போதாது, ஒலி எவ்வளவு நேரம் நீடிக்கிறது, நடுவில் முகடு எப்படி நகர்கிறது என்பதும் உதவுகிறது என்று தெரிந்தது.

நேரம் என்றதும் நம் தமிழாசிரியர் நிமிர்ந்து உட்காருகிறார். ஆமாம் ஐயா, மாத்திரை! கல், கால். விடு, வீடு. எடு, ஏடு. கொடு, கோடு. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு என்று நம் இலக்கணம் வைத்த கணக்கைக் கருவி பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறது. அதில் நுட்பம் என்னவென்றால், வேகமாகப் பேசுகிறவரின் நெடில், மெதுவாகப் பேசுகிறவரின் குறில் அளவுக்குத்தான் இருக்கும். அப்போதும் குழப்பம் வருவதில்லை, ஏனென்றால் காது கடிகாரம் பார்ப்பதில்லை, பேச்சின் நடையைப் பார்க்கிறது. நான் சொன்ன பையனுக்குக் கல்லும் காலும் ஒருநாளும் குழம்பவில்லை. நீளம் கீழ் அதிர்வெண்ணிலேயே கிடைத்துவிடும்.

தொல்காப்பியத்தில் பிறப்பியல் உயிர்களை மூன்றாகப் பிரிக்கிறது. வாய் திறப்பதால் பிறப்பவை, நாக்கின் விளிம்பு மேற்பல்லை ஒட்டுவதால் பிறப்பவை, உதடு குவிவதால் பிறப்பவை. ஆ, ஈ, ஊ. இன்றைக்கு முகடுகளை வரைபடத்தில் போட்டால் முக்கோணத்தின் மூன்று மூலையும் இவைதான். உடனே "ஃபார்மன்டைத் தொல்காப்பியர் கண்டுபிடித்துவிட்டார்" என்று மலரில் எழுதிவிட வேண்டாம். அவர் வாயைக் கவனித்தார், இவர்கள் காற்றை அளந்தார்கள். வாயை அவ்வளவு கூர்மையாகக் கவனித்ததே பெருமைதான், மேலே ஜரிகை ஒட்டத் தேவையில்லை.

பேச்சுத் தமிழில் நடக்கிற கூத்து இன்னும் சுவாரசியம். பிடி என்று எழுதுகிறோம், புடி என்கிறோம். பிள்ளை புள்ளையாகிறது. பெண் பொண்ணு, பெட்டி பொட்டி, வீடு சில ஊர்களில் வூடு. ஆனால் விதி வுதியாவதில்லை, பெரிய பொரிய ஆவதில்லை. கவனியுங்கள்: முன்னால் ப, வ போன்ற உதட்டெழுத்து, பின்னால் ட, ண, ள போன்ற நா மடியும் எழுத்து, இரண்டும் சேர்ந்த இடத்தில்தான் பெரும்பாலும் இது நடக்கிறது. உதடு ஒட்டும்போது முகடுகள் இறங்கும், நா மடிந்தால் மூன்றாம் முகடு இறங்கும். இரு பக்கமும் கீழே இழுக்க, நடுவில் மாட்டிய "இ" தன் உயரத்தை விட்டு "உ" பக்கம் சரிந்துவிடுகிறது என்பது என் கருத்து. இதைச் சோம்பேறித்தனம் என்று சொல்லிப் பிரம்பால் அடித்த ஆசிரியர்களும் வீட்டில் "பொண்ணு"க்குத்தான் மாப்பிள்ளை பார்த்தார்கள்.

செவிக்கருவியும் பயன்படாத அளவு காது கேளாத குழந்தைகளுக்கு என்ன வழி? ஆஸ்திரேலியாவில் கிரேம் கிளார்க் என்ற அறுவை மருத்துவர் இருந்தார். அப்பா காது கேளாதவர், மருந்துக்கடைக்காரர். உட்காதில் நத்தை ஓடு மாதிரிச் சுருண்டிருக்கும் உறுப்புக்குள் கம்பியை முறியாமல் எப்படி நுழைப்பது என்று தெரியாமல் திண்டாடியவர், 1977-ல் கடற்கரையில் கிடந்த சங்குச் சிப்பிக்குள் புல் இதழ்களை நுழைத்துப் பார்த்து விடை கண்டுபிடித்தார். 1978-ல் மெல்போர்னில் ராட் சாண்டர்ஸ் என்பவருக்கு முதல் பொருத்தம். அந்த உறுப்பின் அடிவாரத்தில் மேல் அதிர்வெண், உச்சியில் கீழ் அதிர்வெண் என்று இடம் பிரித்திருக்கிறது இயற்கை. ஆனால் பேச்சு முழுவதையும் கொட்ட அந்த நாள் கருவிக்குச் சக்தி இல்லை. எதை மட்டும் அனுப்புவது? கிளார்க் குழு தேர்ந்தெடுத்தது இரண்டே இரண்டு: குரலின் சுருதி, இரண்டாம் முகடு. இரண்டாம் முகடு எங்கே இருக்கிறதோ அதற்குரிய மின்முனை துடிக்கும். அந்தப் பையனுக்கு எது கிடைக்கவில்லையோ அதைத்தான் முதலில் கொடுக்கவேண்டும் என்று தேர்ந்தார்கள், பாருங்கள். 1980-களின் நடுவில் முதல் முகடும் சேர்ந்தது. இன்றைய கருவிகள் முகட்டைத் தேடிப் பொறுக்குவதில்லை, ஒலியைப் பட்டை பட்டையாகப் பிரித்து அனுப்புகின்றன. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் சிறு குழந்தைகளுக்கு இந்த அறுவை சிகிச்சை உண்டு. வயது ஏற ஏறப் பலன் குறையும் என்பதால் சீக்கிரம் கண்டுபிடிப்பதுதான் எல்லாம். பிறந்த குழந்தை தூங்கும்போதே சில நிமிடத்தில் செய்யக்கூடிய காதுச் சோதனை இருக்கிறது. பேரன் பேத்தி பிறந்தால் எடை கேட்கிறோம், நட்சத்திரம் கேட்கிறோம். இதையும் கேளுங்கள்.

இனி நம் வயசுக்காரர்களுக்கு. "சத்தம் கேக்குது, என்ன சொல்றாங்கன்னு புரியல. மருமக வாய்க்குள்ளேயே முணுமுணுக்குறா." வாரம் பத்துப் பேர் இதைச் சொல்கிறார்கள். மருமகள்மேல் தப்பில்லை. வயதானால் மேல் அதிர்வெண்தான் முதலில் போகும். உயிரொலிகள் பலமானவை, அவற்றின் கனமெல்லாம் கீழே இருப்பதால் தங்கிவிடும். ச, த, க, ப போன்ற மெலிந்த ஒலிகள் போய்விடும். அதனால் பேச்சின் சத்தம் வருகிறது, பொருள் வருவதில்லை. பிள்ளைகள் உடனே கத்துகிறார்கள். கத்தும்போது உயிரொலிதான் பெருக்கிறது, மெய்யொலி அந்த அளவுக்குப் பெருப்பதில்லை; வாயை அகலத் திறப்பதால் உயிரொலியின் முதல் முகடும் இடம் மாறுகிறது. ஆக, கத்தினால் புரிவது குறையும், சண்டைதான் கூடும். பக்கத்தில் வந்து, முகம் தெரிய, நிதானமாகப் பேசினால் போதும். அப்புறம், கண்ணாடி போட வெட்கப்படாதவர்கள் செவிக்கருவிக்கு மட்டும் ஏன் வெட்கப்படுகிறீர்கள்? தலைமுடிக்குச் சாயம் பூசுகிற நேரத்தில் சோதனையே முடிந்துவிடும்.

கடைசியாக ஒரு விண்ணப்பம். நம் சங்கம் பக்கத்துப் பள்ளிகளுக்கு மேசை, நாற்காலி வாங்கித் தருகிறது, நல்ல காரியம். இந்த ஆண்டு நிதியில் கையில் தூக்கிப்போகும் செவிச்சோதனைக் கருவி ஒன்று வாங்கிக் கொடுத்தால், மாதத்தில் இரண்டு சனிக்கிழமை நான் வருகிறேன். சுற்றியுள்ள அங்கன்வாடிகளிலும் தொடக்கப் பள்ளிகளிலும் ஒவ்வொரு குழந்தையையும் உட்காரவைத்துப் பார்த்துவிடலாம். சந்தேகமான குழந்தைகளை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப்போகப் பேருந்துச் செலவுக்கும் ஒரு தொகை ஒதுக்கவேண்டும். பல குடும்பங்கள் அங்கேதான் நின்றுவிடுகின்றன. பொதுக்குழு இதைத் தீர்மானத்தில் சேர்த்துக்கொள்ளக் கேட்டுக்கொள்கிறேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு பழைய இயற்பியல் ஆய்வகத்தில் மடிக்கணினியும் மைக்கும் வைத்திருப்பேன். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தார் இலவசமாகத் தரும் 'ப்ராட்' என்ற மென்பொருள் அதில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் வந்து "ஆ, ஈ, ஊ" சொல்லி உங்கள் முகடுகளைத் திரையில் பார்க்கலாம். காற்றுத் தம்பம் அலமாரியில் அப்படியேதான் இருக்கிறதாம், அதையும் எடுத்துவைக்கச் சொல்லியிருக்கிறேன்.